தண்ணீர் நின்ற உயரம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பத்து மணிக்கு,
நூலகத்துச் சுல்மீரா
ஊரைக் கூட்டிக்கொண்டு ஊரைக் காட்டப் போவாள்.
வீலா செரோடாவில் பிறந்தவர்களுக்கே
வீலா செரோடாவைக் காட்டுவது.
நகராட்சி தரும் பணம்
ஒரு கை ஒலிபெருக்கிக்கும்
இருபது பேர் காப்பிக்கும் சரியாகப் போகும்.

மூன்றாவது நிறுத்தம் என் மருந்துக்கடை.
கதவுக்கு இடப்புறம் கருங்கல் பலகை,
பலகையில் ஒரு கோடு,
கோட்டின் மேல் 1911, பிப்ரவரி 9.
அண்ணாந்துதான் வாசிக்க வேண்டும்.
நான் வெளியே வந்து அதன் கீழே நிற்பேன்.
சுல்மீரா என் தலைக்கு மேல் கையை உயர்த்தி
"இன்னும் இரண்டு சாண்" என்பாள்.
கூட்டம் அடேயப்பா என்னும்.
பதினோரு வருஷமாக
அந்த அடேயப்பாவில் எனக்கும் ஒரு பங்கு.

இந்த மார்ச்சில் அடெலினோ வந்திருந்தார்.
குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர்.
முழங்காலுக்கு என்னிடம்தான் களிம்பு வாங்குகிறார்.
டாக்டர் நடக்கச் சொன்னாராம்,
தனியாக நடக்கச் சலிப்பு,
அதனால் வரலாறு.

கல்லைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.
"இது இங்கே இல்லை."
"எது?"
"கல். எண்பத்து நான்கில்
தண்ணீர் மீட்டருக்குப் பெட்டி வைத்தோம்.
இருமல் மருந்து விளம்பரத் தகரத்தைக் கழற்றினால்
பின்னால் இது. பெயர்த்தேன்.
திருப்பி வைக்கும்போது உங்கப்பா
ஏணியைப் பிடித்துக்கொண்டு
இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்றார்."

பழைய இடம் எது என்று
தன் பெல்ட்டில் கை வைத்துக் காட்டினார்.

சிரித்தோம். நானும்தான்.
ரொட்டிக்கடை ஃபிர்மினோ கண்ணைத் துடைத்துக்கொண்டு,
"நாற்பது வருஷமாக ஊரையே மூழ்கடித்து வைத்திருக்கிறீரே, ஐயா!"
சுல்மீரா நோட்டில் எழுதினாள்: இடுப்பளவு.
எழுதிய பேனா அங்கேயே நின்றது.

ஏனென்றால் நான்காவது நிறுத்தம் கல்லறைத் தோட்டம்.
அங்கே ஒவ்வொரு முறையும் அவள் உரக்க வாசிப்பது
அல்பெர்த்தினா, வயது இருபத்தாறு,
மருந்துக்கடை பெல்மீரோவின் மனைவி,
கடைக்குள்ளேயே வெள்ளம் கொண்டுபோனது.
அந்த வெள்ளத்துக்கு ஊர் கொடுத்த ஒரே உயிர்.

இடுப்பளவுத் தண்ணீர்.
மாடிப்படி எட்டு எட்டில்.
உயரமான பெண். கல்யாணப் படத்தில்
கணவர் உட்கார்ந்திருக்கிறார், அதுதான் காரணம் என்பார்கள்.
படத்தை நூலகத்துக்குக் கொடுத்தவன் நான்.

சிரிப்பு ஒவ்வொருவராக வற்றியது.
வெள்ளம் வடிகிற மாதிரி என்று எழுத வருகிறது,
வேண்டாம்.
ஃபிர்மினோ தன் ஷூவைப் பார்த்தார்.
அடெலினோ மட்டும்
"தப்பாக எதுவும் சொல்லிவிட்டேனா?"

பெல்மீரோ ஐந்தாம் மாதம் மறுமணம் செய்துகொண்டார்.
அந்த வழியில் வந்தவன் நான்.
இந்த மூக்கு, இந்தக் கடை, இந்தப் பித்தளைத் தராசு,
எல்லாம் வெள்ளம் தந்த சீர் என்று
விருந்துகளில் நானே சொல்வதுண்டு.

அன்று கல்லறைக்குப் போகாமல்
எல்லோரையும் நேரே காப்பிக்கு நடத்திப் போனாள் சுல்மீரா.
மாலையில் கடைக்கு வந்தாள்.
தலைவலி மாத்திரை கேட்டாள்.
"அடுத்த மாதம் என்ன சொல்லட்டும்?"
"கல் இருந்த இடத்தைச் சொல்லுங்கள்."
"அதற்கப்புறம்?"
"அதற்கப்புறம் அவள் பெயர், வயது."
"அதற்கப்புறம்?"
பாக்கிச் சில்லறையை
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு
உள்சுவரில் அளவு நாடாவைப் பிடித்தேன்.
தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர்.
மருந்து கலக்கும் மேசையும் அதே உயரம்தான்,
பெல்மீரோ காலத்து மேசை.
ஒரு கோடு போட்டு வைக்கலாம் என்றால்
பென்சிலைக் காணோம்.
வெகுநேரம் தேடினேன்.
காதில் இருந்தது.